பவர் பத்திரம் முதல் ஏற்றுமதி இன்வாய்ஸ் வரை: பாரிமுனை டைப்பிங் கடைகள் எப்படி?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அர்மீனியன் தெரு. மூன்றிலும் மாடிப்படிக்கு அடியில், வராந்தா ஓரத்தில், ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் எல்லாம் டைப்பிங் கடைகள் இருக்கின்றன. பவர் பத்திரம், அஃபிடவிட், வாரிசுச் சான்று மனு, வக்கீல் நோட்டீஸ், துறைமுகப் பக்கம் போகும் இன்வாய்ஸ் என்று எதைக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வேண்டும் என்றால் கால் தானாக இங்கேதான் வரும். கடைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி மதிப்பிடவில்லை. எல்லாக் கடையிலும் ஓடுவது ஏறக்குறைய ஒரே மாதிரி மேட்டர்தான், தவறும் ஒரே இடத்தில்தான் வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேகத்துக்கும் தாள் அமைப்புக்கும் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆங்கிலப் பெயர்த்தொடரில் மட்டும் இவர்களை நம்பி கையெழுத்துப் போடக் கூடாது.

தாள் விஷயத்தில் பாராட்ட நிறைய இருக்கிறது. எட்டரைக்குப் பதினாலு அங்குல லீகல் தாளில் இடப்பக்கம் தைக்க இடம் விடுவார்கள். முத்திரைத்தாளில் அச்சிட்ட பகுதிக்குக் கீழே சரியாக மேட்டரைத் தொடங்குவார்கள். கையெழுத்து இடம் மட்டும் தனியாகக் கடைசித் தாளுக்குப் போய்விடாமல், அதற்கு மேல் ஷரத்து இரண்டு வரியாவது வருகிற மாதிரி இழுத்துவிடுவார்கள். வெறும் கையெழுத்து மட்டும் உள்ள தாள் என்றால் முன்தாள்களை யாரும் மாற்றிச் செருகலாம் என்பதால் இது முக்கியம். வீட்டில் லேப்டாப்பில் அடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். உள்ளூர்ப் பதிவுக்கு மட்டும் என்றால் பத்திரத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பத்திர எழுத்தர்களின் தமிழ் நடை தேய்ந்து தேய்ந்து பிழையில்லாமல் ஆகிவிட்ட ஒன்று. ஆங்கிலம் வேண்டியிருப்பது பவர் கொடுப்பவர் வெளிநாட்டில் இருக்கும்போது, வங்கிச் சட்டப் பிரிவு கேட்கும்போது, தூதரகத்தில் கையெழுத்தாகும்போது. அந்த நேரத்தில் கடைக்காரர் ஏதோ ஒரு பழைய ஃபைலைத் திறந்து, "எல்லாம் ஒரே மேட்டர்தான் சார், பேர் மட்டும் மாத்தினா போதும்" என்பார். அந்தப் பழைய ஃபைலில்தான் வம்பே இருக்கிறது.

'பவர் ஆஃப் அட்டர்னி' என்பது ஆளைக் குறிக்காது. அது கொடுக்கப்படும் அதிகாரம், அல்லது அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் ஆவணம். 1882-ஆம் ஆண்டுச் சட்டமும், குறிப்பிட்ட ஒருவர் தன் சார்பிலும் தன் பெயரிலும் செயல்பட அதிகாரம் தரும் ஆவணம் என்றுதான் விளக்குகிறது. ஆனால் நம் பேச்சில் 'அவர்தான் பவர்' என்பது சகஜம் ஆகிவிட்டதால், டைப்பிங் மேட்டரிலும் 'ஐ, தி பவர் ஆஃப் அட்டர்னி ஆஃப்' இன்னார் என்று ஏறிவிடுகிறது. அப்படி எழுதினால் 'இன்னாருடைய ஆவணமாகிய நான்' என்றுதான் பொருள். அதிகாரம் பெறுபவரைப் 'பவர் ஆஃப் அட்டர்னி ஹோல்டர்', 'அட்டர்னி' அல்லது 'ஏஜெண்ட்' என்று எழுத வேண்டும். நம் பதிவு அலுவலகங்களில் 'பவர் ஏஜெண்ட்' என்றாலும் புரியும். தாள் வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் அந்த உள்ளூர் வழக்கைத் தவிர்த்து 'அட்டர்னி' அல்லது 'ஏஜெண்ட்' என்றே போடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்காவில் 'அட்டர்னி' என்று மட்டும் சொன்னால் வக்கீல் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே பவர் பெற்றவரை 'அட்டர்னி-இன்-ஃபேக்ட்' என்பது வழக்கம்.

பன்மையில் இன்னொரு சறுக்கல். அண்ணன் ஒரு பவர், தங்கை ஒரு பவர் கொடுத்தால் கடையில் 'டூ பவர் ஆஃப் அட்டர்னிஸ்' என்று அடிக்கிறார்கள். 'பவர்ஸ் ஆஃப் அட்டர்னி' என்பதே சரி. சந்தேகம் வந்தால் சட்டத்தின் பெயரையே நினைத்துக்கொள்ளுங்கள்: தி பவர்ஸ்-ஆஃப்-அட்டர்னி ஆக்ட், 1882. காரணம் எளிது. 'ஆஃப்' போட்ட தொடரில் தலைச்சொல் முன்னால் நிற்கும், பின்னால் வருவது அதற்கு வால். பன்மைக் குறி தலையில்தான் ஏறும். தமிழில் தலைச்சொல் எப்போதும் கடைசியில் நிற்பதால் நம் கை தானாகக் கடைசிச் சொல்லில் 'எஸ்' வைத்துவிடுகிறது. இந்த ஒரு இடறல்தான் இந்தக் கடைகளில் பாதிப் பிழைக்கு மூலம்.

'எ' என்ற சின்ன எழுத்தையும் பாருங்கள். அதிகாரத்தைக் கொடுத்ததாகப் பொதுவாகச் சொன்னால் 'கேவ் ஹிம் பவர் ஆஃப் அட்டர்னி' என்று 'எ' இல்லாமல் வரலாம். ஆவணத்தைக் கையெழுத்திட்டதைச் சொன்னால் 'எக்ஸிக்யூட்டட் எ பவர் ஆஃப் அட்டர்னி' என்று 'எ' கட்டாயம். 'பவர் ஆஃப் தி அட்டர்னி' என்று நடுவில் 'தி' செருகினால் அது வேறு பொருள், ஏற்கெனவே இருக்கிற வக்கீலின் அதிகாரம் என்று ஆகிவிடும். சுருக்கெழுத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஓசையைப் பாருங்கள்: என்ஓசி-க்கு (தடையின்மைச் சான்று) முன்னால் 'ஆன்', எல்சி-க்கு (லெட்டர் ஆஃப் கிரெடிட்) முன்னால் 'ஆன்', ஜிபிஏ-வுக்கு (ஜெனரல் பவர் ஆஃப் அட்டர்னி) முன்னால் 'எ'.

இதையெல்லாம்விட அதிகம் கண்ணில் படுவது 'பிரின்சிபல்'. பவர் கொடுப்பவரைக் குறிக்கும் சொல் ஏ-எல் என்று முடிய வேண்டும். எல்-இ என்று முடிந்தால் அது கொள்கை. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள், அதனால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. முதல் பக்கத்தில் சரியாக வரும், நாலாம் பக்கத்தில் மாறியிருக்கும். இதே வகையில் வாரிசைக் குறிக்கும் 'லீகல் ஹெயர்' வர வேண்டிய இடத்தில் 'லீகல் ஹேர்', அதாவது சட்டப்படியான தலைமுடி, இன்னும் பல மனுக்களில் உலாவிக்கொண்டிருக்கிறது.

மொழி நேராகச் சொத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஏஜெண்டுகள் என்றால் 'ஜாயின்ட்லி' என்று மட்டும் அடித்தால் ஒவ்வொரு காகிதத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டால் வேலை அப்படியே நிற்கும். தனித்தனியாகவும் செய்யலாம் என்றால் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று முழுசாக வர வேண்டும். மேட்டர் ஒரே ஏஜெண்டுக்கு எழுதியதாக இருந்து, பெயரை மட்டும் இரண்டாக்கினால் இந்தச் சொற்கள் எங்கேயும் இருக்காது, உள்ளே வினைச்சொற்களும் ஒருமையிலேயே கிடக்கும்.

தலைப்பில் 'ஜெனரல்' என்று இருந்துவிட்டால் எல்லா அதிகாரமும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றங்கள் பவர் பத்திரத்தைச் சொல் சொல்லாகத்தான் படிக்கும். விலை பேச அதிகாரம் கொடுத்தால் அது விற்க அதிகாரம் ஆகாது. விற்பது, முன்பணமும் கிரயத் தொகையும் பெறுவது, பத்திரத்தில் கையெழுத்திடுவது, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்வது, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்வது, அடமானம் வைப்பது என ஒவ்வொன்றும் வினைச்சொல்லாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வேண்டாதது இருந்தாலும் ஆபத்து. வாடகை வசூலிக்க மட்டும் பவர் கொடுக்க வந்தவருக்கு விற்பனை ஷரத்தோடு கூடிய பழைய மேட்டரை அடித்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பவரை வைத்து வீட்டை 'வாங்கிவிட்டோம்' என்று நினைப்பவர்கள், பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் ஜெனரல் பவரை மட்டும் வைத்து நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பவர் கொடுத்தவர் இறந்தால், ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் பங்கோ பாத்தியதையோ இருந்தாலொழிய, ஒப்பந்தச் சட்டத்தின்படி அதிகாரமும் முடிந்துவிடும்.

வெளிநாட்டில் கையெழுத்தான பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பல கடைகளில் இதை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். சேவை என்றால் இதுதான் சேவை, மனதாரப் பாராட்டலாம்.

ஆபரேட்டரின் கை எங்கே தடுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும். பழைய மேட்டர் ஆணுக்கு எழுதியது, புது வாடிக்கையாளர் பெண். கன்ட்ரோல்-எச் அழுத்தி 'ஹிஸ்' என்று வரும் இடமெல்லாம் 'ஹெர்' போடு என்கிறார். ஒரு நொடியில் வேலை முடிகிறது. ஆனால் 'திஸ்' என்ற சொல்லுக்குள்ளும் அந்த மூன்று எழுத்து இருப்பதால் பத்திரத்தின் முதல் சொல்லே 'தெர்' ஆகிவிடும். 'சன்' என்பதை 'டாட்டர்' ஆக்கினால் 'பெர்சன்' என்பது 'பெர்டாட்டர்' ஆகும், 'ரீசன்' என்பது 'ரீடாட்டர்' ஆகும். இதைத் தடுக்க அந்தப் பெட்டியிலேயே 'முழுச் சொல் மட்டும்' என்ற ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டிக் போட்டாலும் 'ஹிம்', 'ஹி', 'ஹிம்செல்ஃப்' எல்லாம் தனித்தனியாக மாற வேண்டும். வாடிக்கையாளர் ஆணாகவும் பழைய மேட்டர் பெண்ணுக்கானதாகவும் இருந்தால் இன்னும் சிக்கல். 'ஹெர்' என்ற ஒரே சொல் 'ஹிஸ்' ஆகவும் மாறலாம், 'ஹிம்' ஆகவும் மாறலாம். அங்கே மெஷின் உதவாது, ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முகவரியில் வட சென்னைக்கே உரிய தலைவலி இருக்கிறது. பழைய எண் புதிய எண் இரண்டும் உண்டு, தாய்ப்பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஊர்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்து கிடையாது. வண்ணாரப்பேட்டை ஒரு பலகையில் 'வாஷர்மேன்பெட்', இன்னொன்றில் 'வாஷர்மென்பெட்'. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வந்த அரசாணை சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அந்தப் புது எழுத்து சில கடை ஃபைல்களில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தாய்ப்பத்திரத்தில் எந்த எழுத்தோ அதுவே சொத்து விவர அட்டவணையிலும் வர வேண்டும். அர்மீனியன் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிய ஊர் இது. ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது யாரும் அரண்மனையைத் தேடிப் போகாமல் இருந்தால் சரி.

வாரிசுச் சான்று மேட்டர்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மருமகன்கள் 'சன்ஸ்-இன்-லா', மருமகள்கள் 'டாட்டர்ஸ்-இன்-லா', தலை முன்னால் இருப்பதால் 'எஸ்' அங்கே. ஆனால் உடைமைக் குறி மட்டும் கடைசியில் விழும்: மாமியாருடைய என்பது 'மதர்-இன்-லா'ஸ்'. இறந்தவர் பெயருக்கு முன் வெறும் 'லேட்' போடாமல் 'தி லேட்' என்று எழுதுங்கள். இதைவிடப் பெரியது, 'லீகல் ஹெயர் சர்டிபிகேட்' வேறு, 'சக்சஷன் சர்டிபிகேட்' வேறு. முதலாவது வட்டாட்சியர் தருவது. இரண்டாவது, இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்காக 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் தருவது. வங்கி எதைக் கேட்டதோ அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுங்கள். வாயால் 'வாரிசு சர்டிபிகேட்' என்று சொன்னால் கைக்கு எந்த மேட்டர் முதலில் வருகிறதோ அதுதான் வெளியே வரும்.

துறைமுகக் காகிதங்களுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். இரண்டாம் கடற்கரைச் சாலை, ராஜாஜி சாலைப் பக்கம் இருக்கும் கிளியரிங் ஆபீஸ்களுக்கு அடித்துப் பழகிய கடைகள் சில உண்டு. ஏற்றுமதி வேலைக்கு அந்தக் கடைகளைத்தான் தேட வேண்டும், கோர்ட் மேட்டர் அடிப்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் 'பில் ஆஃப் லேடிங்' என்பதை 'லோடிங்' என்றும் 'லேண்டிங்' என்றும் அடிப்பது சாதாரணம். பன்மையில் 'பில்ஸ் ஆஃப் லேடிங்', அதேபோல் 'லெட்டர்ஸ் ஆஃப் கிரெடிட்' (எல்சி, ஆவணங்கள் பொருந்தினால் ஏற்றுமதியாளருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி). பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, இதற்காக வங்கி பணத்தை நிறுத்தாது. எல்சி-க்காக வங்கிகள் உலகெங்கும் பின்பற்றும், 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள யூசிபி 600 விதிகள், பில் ஆஃப் லேடிங் எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளடக்கம் சரியாக இருந்தால் ஏற்கின்றன. சொல்லின் பொருளை மாற்றாத எழுத்துப் பிழையையும் வங்கி நடைமுறை பொருட்படுத்தாது. 'மெஷின்' என்ற சொல்லில் ஓர் எழுத்து பிசகினால் தப்பிக்கலாம். மாடல் எண் 321 என்பது 123 ஆனால் தப்ப முடியாது.

மாட்டுவது சரக்கு விவரத்தில். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்சி-யில் உள்ளதோடு பொருந்தியே ஆக வேண்டும். பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 'லெதர் ஷூ அப்பர்ஸ்' என்றால் காலணியின் மேல்பாகம், சுங்கத் தலைப்பு 6406. 'லெதர் ஷூஸ் வித் லெதர் அப்பர்ஸ்' என்றால் முழுக் காலணி, அது 6403. 'ஷூ அப்பர் லெதர்' என்றால் இரண்டும் இல்லை, மேல்பாகம் தைக்கப் பயன்படும் பதனிட்ட தோல், அது 41-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். மூன்று தொடரிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான், இடம் மட்டும் மாறுகிறது. 'ஆஃப்' இல்லாமல் பெயர்ச்சொற்களை அடுக்கும்போது ஆங்கிலத்திலும் தமிழைப் போலவே தலைச்சொல் கடைசியில் நிற்கும், முன்னால் உள்ளவை எல்லாம் அடைமொழி. ஆகவே அடுக்குத் தொடரில் உங்கள் தமிழ்க் காதை நம்பலாம். 'தோல் காலணி மேல்பாகம்' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் நிற்பதுதான் சரக்கு. ஆபரேட்டர் 'அழகாக இருக்கட்டும்' என்று வரிசையை மாற்றினால் பெட்டிக்குள் இருக்கும் சரக்கே காகிதத்தில் வேறாகிவிடும். எல்சி-யில் இருப்பதைக் காற்புள்ளி முதல் அப்படியே எடுத்து ஒட்டச் சொல்லுங்கள், எல்சி-யிலேயே இலக்கணம் தப்பாக இருந்தாலும் சரி. அங்கே திருத்தப் போவதுதான் தவறு.

துறைமுகப் பெயரும் அப்படித்தான். எல்சி-யில் 'சென்னை போர்ட்' என்று இருந்து, கண்டெய்னர் காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ ஏறினால் ஆவணம் முரண்படும், இரண்டும் தனித் துறைமுகங்கள். 'எனி இந்தியன் போர்ட்' என்று இருந்தாலும் அந்தச் சொல்லையே பில் ஆஃப் லேடிங்கில் திருப்பி எழுதக் கூடாது, ஏறின துறைமுகத்தின் பெயர் வர வேண்டும். ஆவணத்தைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாள். திருத்தம் என்று திரும்பி வந்தால் பொருளை அனுப்பிய தேதியிலிருந்து 21 நாள் என்ற கெடுவும், எல்சி-யின் காலாவதித் தேதியும் துரத்த ஆரம்பித்துவிடும்.

கூலி பக்கக் கணக்கு. முத்திரைத்தாளுக்கும் ஜெராக்ஸுக்கும் தனி. உட்காரும் முன்பே, திருத்தத்துக்குக் காசு உண்டா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத் தவறுக்குக் கேட்டால் நியாயம், பழைய மேட்டரின் தவறுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். முத்திரைத்தாளில் ஏற்றும் முன் வெள்ளைத்தாளில் ப்ரூஃப் வாங்குவது கட்டாயம். முத்திரைத்தாள் கெட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அச்சான பிறகு பேனாவால் அடித்துத் திருத்தினால், ஒவ்வொரு அடித்தல் பக்கத்திலும் எழுதிக்கொடுப்பவர் சுருக்கொப்பம் இட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு அலுவலர் ஆவணத்தைத் திருப்பலாம் என்று பதிவுச் சட்டம் 20-ஆம் பிரிவு சொல்கிறது.

குறை என்று சொன்னால், ஆதார் நகலும் பான் நகலும் எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் கிடக்கின்றன. அடித்த ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே உங்கள் பெயரோடு நிற்கும், நாளைக்கு இன்னொருவருக்கு அதுதான் 'பழைய மேட்டர்'. பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, ஃபைலை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

எந்தக் கடைக்குப் போவது என்று தெரியாவிட்டால் ஒரே கேள்வி போதும்: "அண்ணே, ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பவர், ஆனா தனித்தனியாவும் கையெழுத்துப் போடலாம்னு வரணும். எப்படி அடிப்பீங்க?" ஃபைலைத் தேடுமுன்பே 'செவரலி' என்ற சொல்லை வாயால் சொல்கிறவரிடம் உட்காரலாம். கோர்ட் வேலை நாளில் காலை பத்தரைக்கு முன்னால் போகாதீர்கள், ஜூனியர் வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள், ப்ரூஃப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலி கிடைக்கும், திரையைப் பார்த்தபடியே வரி வரியாகச் சரிபார்க்கலாம்.